தவிட்டின் விலை: தோட்டத்துக் கோழி சொல்லும் வரலாறு

அடம்பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து, "உன்னைத் தவிட்டுக்கல்லவா வாங்கினோம்!" என்று பெரியவர்கள் கேலி செய்வதைக் கேளாத தமிழர் இலர். பிறந்த மக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையையேனும் காக்க வேண்டி, அதனைப் பிறர் கையிற் கொடுத்து, ஒரு படி தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. மதிப்பற்ற பொருளுக்கு வாங்கிய பிள்ளையின்மேல் கூற்றுவனின் கண் படாது என்பது அவர்கள் நம்பிக்கை. மதிப்பற்ற பொருள் வேண்டுமென்று தேடியபோது, அவர்கள் நினைவுக்கு வந்தது தவிடு.

ஆனால் அந்தத் தவிட்டிலேயே உயிர் காக்கும் பொருள் ஒன்று இருந்தது. அதனை உலகம் அறிந்துகொண்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். அறிவித்த ஆசான் யார் தெரியுமா? குப்பையைக் கிளறும் கோழி! அந்தப் பாடம் நடந்த பள்ளிக்கூடங்களுள் ஒன்று சாவகத் தீவு. மற்றொன்று நாம் வாழும் இந்த மலாயா. அதில் நம் தோட்டத்து முன்னோருக்கும் ஒரு பங்கு உண்டு. அவ்வரலாற்றையும், அது இன்று நம் கொல்லைப்புறத்துக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பென்சன் கோழிகள்

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருக்கிறேன். என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர், ஒரு முட்டைப் பண்ணை கழித்துவிட்ட கோழிகளுள் பன்னிரண்டைக் கொண்டுவந்து பள்ளித் தோட்டத்தில் விட்டார். முட்டையிடுவதில் தளர்ந்துபோன இத்தகைய கோழிகளை மலாய்க்காரர் 'ஆயாம் பென்சென்' என்பர். நாமும் 'பென்சன் கோழி' என்கிறோம். சந்தையில் மலிவாக வாங்கிக் குழம்பு வைப்பதே வழக்கம். மாணவருக்கோ அவற்றை வளர்க்க வேண்டும் என்று ஆசை. கழுத்திலும் முதுகிலும் இறகில்லை. கம்பி வலைமேலேயே நின்று பழகிய கால்கள் மண்ணைத் தொட அஞ்சின.

பிள்ளைகள் அன்பால் செய்த முதல் வேலை, பசியாறி மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அள்ளி அள்ளிக் கொடுத்ததுதான். நானும் தடுக்கவில்லை, சோறு கொடுப்பது அறம் என்றே எண்ணினேன். பக்கத்து மரப்பட்டறையிலிருந்து வந்த ஈர மரத்தூளைத் தரையில் பரப்பினோம். மூன்று வாரத்தில் நான்கு கோழிகள் காலூன்ற மாட்டாமல் சாய்ந்தன. இட்ட சில முட்டைகளும் தோலாகவே இருந்தன. மரத்தூளில் பூசணம் பூத்தது. இரண்டு கோழிகள் இறந்தன.

அப்போது, ஒரு காலத்தில் ஆயாக்கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்ட மூதாட்டி ஒருவர் வந்து பார்த்தார். "என்ன வாத்தியாரய்யா, மனுசன் தின்னுறதைக் கோழிக்குப் போடுறீங்க? கோழிக்குப் போடுறதை மனுசன் தின்னாலே நல்லா இருப்பானே! தவிடு எங்கே?" என்றார். "ஆயா, தவிட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "அது எனக்கென்ன தெரியும்? எங்க அம்மா போட்டாங்க, நான் போட்டேன்" என்பதே விடை. அந்த விடையின் பின்னால் ஒரு பெரிய வரலாறு கிடக்கிறது என்பதைப் பிறகுதான் தேடிக் கண்டேன்.

தமிழும் கோழியும்

கோழிக்கும் தானியத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக் கோழியே வீட்டுக் கோழியின் மூதாதை. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தில் கோழி வீட்டுப் பறவையாயிற்று என்று கூறுகிறது. நெல்லும் தினையும் விளைந்த நிலங்களில் சிந்திய தானியமே அதனைக் காட்டிலிருந்து மனிதன் முற்றத்துக்கு இழுத்தது என்பது அவ்வாய்வாளர் கருத்து. மனிதன் கோழியைப் பிடித்தான் என்பதைவிட, நெல் கோழியைப் பிடித்தது என்பதே பொருந்தும் போலும்.

தமிழர்க்குக் கோழி புதியதன்று. தொல்காப்பிய மரபியல், 'அளகு' என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கி, மயிலுக்கும் அதனை இசைகிறது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே பெயர். யானையைப் போரில் வென்ற சேவலால் அப்பெயர் வந்தது என்னும் கதையைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. முருகன் கொடியில் சேவல் இருப்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும் நம் பொருளுக்கு மிக நெருங்கியது பட்டினப்பாலைக் காட்சிதான். காவிரிப்பூம்பட்டினத்து மகளிர், முற்றத்தில் உணங்கும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்டக் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிந்தனராம். அது கிடந்து சிறுவர் உருட்டும் நடைவண்டியின் வழியை மறித்ததாம். நகரின் செல்வத்தைச் சொல்ல வந்த இடம் இது. ஆனால் கோழிக்குத் தனியே தீவனம் வைக்கும் வழக்கத்தைவிட, உணங்கும் நெல்லும் சிந்தும் மணியுமே அதன் உணவாக இருந்த வாழ்க்கையையும் அது காட்டிவிடுகிறது.

லயத்துக் கோழி

அந்த முற்றத்துக் கோழியே கப்பலேறி வந்த தமிழரின் லயத்துக்கும் உறவாயிற்று. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் முதலில் காப்பியும் தென்னையும், பின்னர் ரப்பரும் பயிராயின. பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரராகிய ஆன்றி ஃபொக்கோனியே செம்பனையைப் பயிரிட்டார். இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றுள்ளது. வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் பகுதிகளின் சதுப்புநிலம் 1930களில் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டத்தால் நெல்வயலாயிற்று. ஆகவே இவ்வட்டாரத்தில் பால்மரமும் செம்பனையும் தென்னையும் நெல்லும் அண்டை அயலாக நின்றன. கோழி வளர்ப்போர்க்கு இதைவிட வளமான இடம் கிடைப்பதரிது.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இரண்டு கடமைகளைத் தோட்ட முதலாளிமேல் வைத்தது. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் போதிய அளவில் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்பது ஒன்று. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது மற்றொன்று. சட்டத்தில் இருந்ததெல்லாம் லயத்துக்கு வந்து சேர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் நம் தோட்டப்பள்ளியும் நம் கொல்லைப்புறமும் ஒரே சட்டத்தில் இடம்பெற்ற உடன்பிறப்புகள் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளல் நன்று.

அந்தக் கொல்லையில் கீரையும் மரவள்ளியும் முருங்கையும் நின்றன. கோழி வீட்டின் அடியிலும் பஞ்சாரத்திலும் உறங்கியது. சேவல் கூவினால் பெரட்டுக்கு எழும் நேரம். என் தாயார் பால்மரம் வெட்டப் புறப்படுமுன் தவிட்டைக் கழுநீரில் பிசைந்து சிரட்டையில் வைப்பார். சிறு குஞ்சுகளுக்கு நொய்யும், பிடித்துவந்த கறையானும் உண்டு. அடுப்புச் சாம்பலைக் கொட்டிய குழியில் கோழிகள் புரண்டு பேனைத் தீர்த்துக்கொள்ளும். உமியைப் பரப்பி அதன்மேல் அடைக்கு முட்டை வைப்பார். இவை ஏடு பார்த்துச் செய்தவையல்ல, கைவழி வந்தவை.

மருத்துவமனைக் கொல்லையில்

இனி, சாவகத் தீவுக்குச் செல்வோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்கிழக்காசியாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, இறுதியில் நெஞ்சம் நின்றுவிடும். சிறைகளிலும் படைவீடுகளிலும் ஈயச் சுரங்கங்களிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். கிருமியே காரணம் என்று அக்காலத்து மருத்துவர் பலர் நம்பினர். அக்கிருமியைத் தேடி டச்சு அரசு 1886இல் அனுப்பிய குழுவோடு வந்தவர் கிறிஸ்தியான் ஐக்மான் என்னும் இளம் மருத்துவர்.

பத்தேவியாவின் இராணுவ மருத்துவமனையில் இருந்த சோதனைக்கூடத்தில் அவர் கோழிகளை வளர்த்தார். அவற்றுக்கு நோயை ஏற்ற முயன்றார். 1889இல், நோய் ஏற்றிய கோழி, ஏற்றாத கோழி என்னும் வேறுபாடின்றி எல்லாம் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில மாதங்களில் காரணம் தெரியாமலே தேறியும் விட்டன. வியந்த ஐக்மான் தீவனத்தை விசாரித்தார். செலவைக் குறைப்பதற்காகக் கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோற்றைக் கொடுத்து வந்திருக்கின்றனர். பிறகு ஒரு புதிய சமையற்காரர் வந்தார். படைவீரர்க்குரிய சோற்றைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தர மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன்பின் கோழிகளுக்குக் கிடைத்தது தீட்டாத மலிவரிசி. அதுவே அவற்றைக் காப்பாற்றியது!

ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவத்தின் போக்கையே திருப்பிவிட்டது. வெள்ளரிசி கொடுத்தால் நோய் வருகிறது, தவிடு சேர்த்தால் நோய் நீங்குகிறது என்பதை ஐக்மான் சோதித்து நிறுவினார். அவர் நண்பர் ஃபோர்டர்மான் சாவகத்துச் சிறைகளை ஆராய்ந்தார். வெள்ளரிசி உண்ட சிறைகளிலேயே பெரிபெரி மிகுதி என்பது தெரிந்தது. எனினும் அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, அதனைத் தவிடு முறிக்கிறது என்றே ஐக்மான் முதலில் எண்ணினார். நஞ்சு இருப்பதன்று, வேண்டிய பொருள் இல்லாமையே நோய் என்று 1901இல் தெளிவுபடுத்தியவர் அவர்பின் வந்த கிரிய்ன்ஸ். அப்பொருளின் இனத்துக்கு 1912இல் காசிமிர் ஃபுங்க் 'வைட்டமின்' எனப் பெயரிட்டார். ஐக்மானுக்கு நோபல் பரிசு 1929இல் கிடைத்தது.

புழுங்கல் அரிசியும் மலாயாவும்

சாவகத்தில் கோழி சொன்னதை, மலாயாவில் நம் முன்னோரின் சோற்றுப்பானை சொல்லிக்கொண்டிருந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன், ஓர் உண்மையைக் கூர்ந்து கண்டார். ஒரே நாட்டில், ஒரே வெயிலில், ஒரே மழையில் உழைத்தும், சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மாள்கின்றனர். தமிழர்க்கு அந்நோய் மிக அரிதாகவே வருகிறது. காரணம் என்ன? சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த பச்சரிசி. ஆலையில் நன்கு தீட்டியது. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. இதனை அவர் 1907இல் நூலாகவே வெளியிட்டார். அவரும் பழைய பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்றே கருதினார். காரணம் பிழை, கண்ட காட்சி மெய்.

அக்காட்சியைச் சோதித்தவர் வில்லியம் பிளெச்சர். கோலாலம்பூர் மனநோயர் விடுதியில் 1905 டிசம்பரில் அங்கிருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணினரை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொன்றிலும் தங்கவைத்தார். ஒரு சாரார்க்குப் பச்சரிசி, மறுசாரார்க்குப் புழுங்கல். ஓராண்டு கடந்தது. பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டோருள் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. மருத்துவ வரலாறு இச்சோதனையைப் போற்றுகிறது. ஆயினும் எண்களாகிவிட்ட அந்த 18 பேரை யாரும் இசைவு கேட்டுச் சோதனைக்கு உட்படுத்தவில்லை. அறிவு வளர்ந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பதையும் சொல்ல வேண்டுமன்றோ?

அடுத்து, 1900இல் நிறுவப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் 1907 முதல் ஆய்வைத் தொடர்ந்தனர். ஜெலுபு மாவட்டத்து டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட வந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வெள்ளரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்தனர். வெள்ளரிசிப் பிரிவில் நோய் வந்தது. அரிசியை மாற்றினர்; நோயும் இடம் மாறியது. பின்னர் அவர்கள் நாடியது கோழிகளையே. தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் முடங்கின. அரிசி தீட்டும்போது கழியும் தவிட்டைச் சேர்த்ததும் நலமாயின. 1910இல் மணிலாவில் கூடிய கீழ்நாட்டு மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியை நாளும் உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று தீர்மானம் செய்தது.

புழுங்கலின் நுட்பம்தான் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டியர் இதனை அறிந்தா செய்தனர்? இல்லை. அரிசி நொறுங்காது, பூச்சி பிடிக்காது, சோறு நின்று பசி தாங்கும் என்பவையே அவர்கள் அறிந்தவை. ஆனால் அந்த வழக்கமே பல்லாயிரம் பேரைக் காத்தது. இதைக் கொண்டு தோட்டத்து வாழ்வு நலமாயிருந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் நம்மவரைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. பெரிபெரி என்னும் ஒரு வாயில் மட்டும் அடைத்திருந்தது. அடைத்தது புழுங்கல் அரிசி.

அந்த வாயிலும் ஜப்பானியர் ஆட்சியில் திறந்துகொண்டது. அரிசி வரவு அற்றுப்போக, மரவள்ளியே உணவாயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர், காலராவோடும் மலேரியாவோடும் பெரிபெரிக்கும் இரையாயினர். அதே காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில் சிறைப்பட்டிருந்த வெள்ளைப் படைவீரர்க்கு அவர்தம் மருத்துவர் அரிசித் தவிட்டை மருந்தாகக் கொடுத்தனர். சிரட்டையில் கோழிக்கு வைக்கும் பொருளைக் கையேந்தி வாங்கிப் பிழைத்தனர் என்றால், தவிட்டின் விலையை இனி யார் குறைத்து மதிப்பர்?

கூண்டும் தரையும்

போருக்குப் பின்னர்க் கோழியின் வாழ்வு மாறிற்று. தாள் ஒன்றின் அளவான இடத்தில் நின்றபடியே முட்டையிடும் கூண்டு முறை உலகெங்கும் பரவியது. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையிடும். இன்றைய பண்ணைக் கோழி 300 வரை இடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதில் அதனைக் கழித்துவிடுகின்றனர். இக்கொடுமையை 1964இல் ரூத் ஹாரிசன் என்னும் அம்மையார் தம் நூலில் எடுத்துக்காட்ட, பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு அடுத்த ஆண்டே அறிக்கை தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் வெறுங்கம்பிக் கூண்டைத் தடை செய்தது. கழித்த கோழிகளை வீடுகளில் சேர்க்கும் அறநிலையம் ஒன்று பிரிட்டனில் 2005 முதல் இயங்குகிறது.

தரையைப் பற்றிய வரலாறும் உண்டு. 1940களில் அமெரிக்காவின் ஒகையோ மாநில ஆய்வாளர், கோழித் தரையிலுள்ள படுகையை அடிக்கடி அள்ளிவிடாமல், கிளறி, மேலே மேலே புதியதைப் பரப்பி வளர்த்துப் பார்த்தனர். அத்தகைய பழம்படுகையில் வளர்ந்த கோழிகள், தீவனத்தில் குறையிருந்தபோதும் நன்றாகவே இருந்தன. படுகையில் வாழும் நுண்ணுயிர்கள் ஓர் உயிர்ச்சத்தை உண்டாக்கி, கிளறித் தின்னும் கோழிக்கு அளித்தன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 என்பதே அது. தவிட்டைப் போலவே, குப்பையும் வெறுங்குப்பையன்று! நம் லயத்துக் கோழி குப்பையைக் கிளறியதன் பொருள் இப்போது விளங்குகிறதன்றோ?

எதைத் தேர்வது?

வரலாறு காட்டும் வழியில் நின்று, பென்சன் கோழியை வளர்க்க விரும்புவோர்க்குச் சில சொல்வேன். இவை எங்கள் பள்ளித் தோட்டத்தில் தவறிக் கற்றவை. கால்நடைத் துறையார் சொல்லைக் கேட்டுத் திருத்திக்கொண்டவை.

முதலாவது, வெள்ளைச்சோறு தீவனமாகாது. ஆயின் தவிடு மட்டுமே போதும் என்பதும் பிழை. லயத்துக் கோழிக்குத் தவிட்டோடு கறையானும் புழுவும் கீரையும் இருந்தன. அதன் முட்டையும் சிலவே. இன்றைய கோழியின் உடலோ பெருமுட்டைக்கென்றே வடிக்கப்பட்டது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணச்சத்து வேண்டும். உணவில் அது இல்லையேல் கோழி தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கிறது. எங்கள் கோழிகள் சாய்ந்ததற்கு இதுவே பெருங்காரணம் என்று சொன்னார்கள். ஆகவே அடிப்படை உணவு முட்டைக்கோழித் தீவனமே ஆதல் வேண்டும். புரதம் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு, சுண்ணச்சத்து ஏறத்தாழ 4 பங்கு உள்ளதா என்று பையின் மேல் பார்த்து வாங்குக. ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் போதும். பண்ணையில் தின்ற தீவனத்தையே முதலிற் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுக.

தவிட்டை அதனோடு கலந்து கொடுக்கலாம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டா. செகிஞ்சான், தஞ்சோங் காராங் ஆலைகளிலிருந்து புதிதாக வாங்குக. தவிட்டில் எண்ணெய் உண்டு. நம் வெப்பத்தில் விரைவில் சிக்கு வாடை ஏறிவிடும். மாதக்கணக்கில் சேர்த்துவைத்தல் கூடாது. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு அருகிலேயே மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் நாரும் ஓட்டுத்துண்டும் மிக்கது. மாட்டுக்கு ஏற்றது, கோழிக்குச் சிறிதளவே ஆகும். பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தொடவும் வேண்டா. 1960இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அஃப்லடாக்சின் என்னும் நஞ்சை உலகம் அறிந்தது அவற்றின் சாவினால்தான். சுண்ணச்சத்துக்கு நம் கோலசிலாங்கூர்க் கடற்கரை தரும் சிப்பி ஓடே போதும். வேகவைத்து, காயவைத்து, பருக்கையாக இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும்.

படுகைக்கு உமியே சிறந்தது. அது மெத்தென்றிருக்கும், நீரைத் தேக்காது, விரைவில் உலரும், விலையும் அற்பம். நான்கு விரற்கிடைக்குக் குறையாமல் பரப்பி, நாள்தோறும் கிளறிவிடுக. ஈரமான இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதியதைச் சேர்க்க. மூக்கில் நெடி ஏறினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். உலர்ந்த மரச்சீவல் கிடைத்தால் அதனையும் கலக்கலாம். ஈர மரத்தூள் ஆகாது, அதன் பூசணம் கோழியின் மூச்சறையைக் கெடுக்கும். கம்பியில் நின்ற கால்கள் தேறும் வரை உயரமான கழியில் ஏற்ற வேண்டா. ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்த குழி இருக்கட்டும். முதல் நாள் அக்குழியைக் கண்டு ஒதுங்கிய எங்கள் கோழிகள், எட்டாம் நாள் அதில் புரண்டன. யாரும் கற்பிக்கவில்லை; கூண்டாலும் அழிக்க முடியாத அறிவு அது.

நோயையும் மறத்தலாகாது. 1926இல் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அதையடுத்து இந்தியாவின் ராணிக்கேத்திலும் கண்டறியப்பட்ட கோழிக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பறவைக் காய்ச்சல் 2004இல் கிளந்தானிலும், 2006இல் கோம்பாக்கிலும், 2007இல் நம் சிலாங்கூரின் சுங்கை பூலோ பாயா ஜாராசிலும் தோன்றியபோது கொல்லைக் கோழிகளே பெருமளவில் அழிக்கப்பட்டன. ஆகவே புதிய கோழிகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்தலும், காட்டுப்பறவை அணுகாமல் தீவனத்தை மூடிவைத்தலும், திடீரெனப் பல கோழிகள் இறந்தால் கால்நடைத் துறைக்கு உடனே அறிவித்தலும் கடமைகள்.

முடிவுரை

எஞ்சிய பத்துக் கோழிகளும் இப்போது நலமே. இறகு முளைத்துவிட்டது. முட்டை முன்போல் இல்லை. அதைப் பற்றிக் கவலையுமில்லை. ஒவ்வொரு காலையும் இரண்டு மாணவர் முறைவைத்துத் தீவனத்தை நிறுத்து வைக்கின்றனர்; குறிப்பேட்டில் எழுதுகின்றனர். அளவைப் பாடமும் அறிவியலும் வரலாறும் அந்தக் கொட்டகையிலேயே நடக்கின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, நம்மவருட் பலர் மாடி வீடுகளுக்குச் சென்றனர். வீடு உயர்ந்தது உண்மை, கொல்லை போயிற்று. கொல்லையோடு தவிடும் உமியும் சாம்பற்குழியும் அவற்றைப் பற்றிய அறிவும் போய்க்கொண்டிருக்கின்றன. காரணம் தெரியாத வழக்கம் என்று நாம் ஒதுக்கியவற்றுள் எத்தனை, காரணத்துக்காகக் காத்திருந்தனவோ! எல்லா வழக்கமும் மெய் என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினால் கூற்றுவன் ஏமாறுவான் என்பது மெய்யன்று. வழக்கத்தைச் சோதிக்க வேண்டும். ஆனால் சோதிக்கும் முன்னர் அதனைக் கேட்டறிந்து எழுதிவைக்க வேண்டும். அது ஆசிரியரின் வேலை.

அண்மையில் அந்த ஆயாவிடம் ஐக்மானின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தச் சமையக்காரன் சோறு கொடுக்க மாட்டேன்னு சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்தீங்களே, வாத்தியாரய்யா" என்று சிரித்தார். நான் சொல்லக்கூடிய விடை ஒன்றும் இல்லை. கையிலிருந்த தவிட்டுப் படியைக் கோழிகளின் முன் வைத்தேன்.